கோபமில்லாத நெற்றியின் சரித்திரம்

புருவங்கள் இரண்டுக்கும் நடுவே, மூக்கின் வேரிலிருந்து நெற்றியை நோக்கிச் செங்குத்தாய் எழும் இரண்டு கோடுகள் சிலருக்கு நாற்பது வயதுக்குள்ளேயே விழுந்துவிடுகின்றன. அவ்வாறு விழுந்தவர்களில் நானும் ஒருவன் என்பதால், யாரிடத்தும் எவ்விதக் குரோதமும் கொள்ளாமல் நிம்மதியாய்க் காபி குடித்துக்கொண்டிருக்கும் வேளையிலும், எதிரே வந்து உட்காருகிறவர்கள் என் முகத்தைப் பார்த்துச் சற்றுத் தயங்கிவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவார்கள். பாங்குக் கவுண்டரில் இருப்பவர்கூட, "சார், ஏதாவது தப்பா நடந்துடுச்சா?" என்று கேட்பதுண்டு. பெங்களூரில் உத்தியோகம் பார்க்கும் என் தம்பி மகளோ, இதற்கெல்லாம் இக்காலத்தில் பரிகாரம் இருக்கிறது என்ற உறுதியோடு, "பெரியப்பா, ஒரு போடாக்ஸ் போட்டுக்கோங்களேன். பத்து நிமிஷ வேலை. அப்புறம் நீங்க சாதுன்னு எல்லாரும் நம்பிடுவாங்க" என்று பார்க்கும்போதெல்லாம் சொல்வதை வழக்கமாக்கிக்கொண்டிருக்கிறாள்.

முகச்சுருக்கத்துக்கு ஊசி போட்டுக்கொள்வது மூப்புக்கு அஞ்சுகிறவர்களின் காரியம் என்றுதான் நம்மவர்கள் பொதுவாக எண்ணுகிறார்கள். சினிமா நட்சத்திரங்களையும் தனவந்தர்களையும் சொல்லி, கொஞ்சம் பரிகாசமும் கொஞ்சம் பொறாமையும் கலந்து பேசிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். ஆனால் அந்த ஊசியின் பூர்வோத்தரத்தைப் பொறுமையாய்ப் படித்துப் பார்க்கிறவர்களுக்கு, அது நெற்றிக்கு வந்து சேர்ந்ததன் காரணம் வயதை மறைக்கும் ஆசையன்று, மனத்தில் இல்லாத கோபத்தை முகம் இருப்பதாகச் சொல்லிவிடும் சங்கடமே என்பது தெரியவரும். அந்தச் சரித்திரம் ரஸமானது என்பதோடு, இன்று ஊசிக்குப் போகலாமா வேண்டாமா என்று யோசிக்கிறவர்களுக்கு உபயோகமானதும் ஆகையால், எனக்குத் தெரிந்த அளவில் இங்கே எழுதுகிறேன்.

முகத்தில் கோடு விழுவதற்குக் காரணம் ஒன்றன்று, மூன்று. தசை ஒன்று, தோலுக்கு அடியில் நேரும் குறைவு ஒன்று, வெயில் ஒன்று. இவற்றுள் தசையின் காரியம்தான் விசித்திரமானது. உடம்பின் மற்ற இடங்களில் தசைகள் எலும்பை இழுப்பதற்காக அமைந்திருக்க, முகத்தில் உள்ளவை பெரும்பாலும் தோலையே பற்றி இழுப்பவை. ஆகவே நாம் சிரிக்கும்போதும் சிணுங்கும்போதும் கண்ணைச் சுருக்கி எதையேனும் உற்றுப் பார்க்கும்போதும் தோல் மடிகிறது, தினமும் ஒரே இடத்தில் மடித்து வைக்கும் வேஷ்டியில் மடிப்பு நிலைத்துவிடுவதுபோல, பல வருஷங்களுக்குப் பிறகு தசை சும்மா இருக்கும்போதும் அந்தக் கோடு அழியாமல் தங்கிவிடுகிறது. புருவத்தை நெறிக்கும் தசையைப் பற்றிச் சார்லஸ் டார்வின் 1872இல் வெளியிட்ட தமது நூலில் விஸ்தாரமாக ஆராய்ந்து, மனம் ஏதோ ஒரு கஷ்டமான விஷயத்தோடு மல்லுக்கு நிற்கும்போதே மனிதன் புருவத்தை நெறிக்கிறான், சிந்தனை தடையின்றி ஓடும்போது நெறிப்பதில்லை என்கிற முடிவுக்கு வந்தார். நம் பரத சாஸ்திரமோ புருவத்தின் செயல்களை ஏழாக வகுத்து, அவற்றுள் புருகுடி என்பதைக் கோபத்துக்கு உரியதாக்கியது. சிந்திக்கிறவனும் சினப்பவனும் ஒரே தசையைத்தான் உபயோகிக்கிறார்கள் என்பதால், பார்க்கிறவர்கள் முன்னவனைப் பின்னவனாகக் கருதிவிடுவதில் அவர்கள் குற்றம் ஏதுமில்லை.

இந்தத் தசையை அடக்குகிற வஸ்து, இயற்கையில் அறியப்பட்ட விஷங்களிலெல்லாம் கொடியது. அதை முதலில் கூர்ந்து கவனித்தவர் ஒரு கவி. ஜெர்மனியின் வூர்ட்டெம்பெர்க் பிரதேசத்தில் 1786இல் பிறந்த யுஸ்டினுஸ் கெர்னர், பாட்டும் வைத்தியமும் ஒருங்கே கைவரப்பெற்றவர். அவர் கவிதைகளுக்கு இசைமேதை ஷூமான் 1840இல் இசையமைத்தார் என்றால் அவருடைய கவித்துவத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. சரியாகப் பக்குவம் செய்யாத தொத்திறைச்சியைத் தின்ற ஜனங்கள், கண்ணிமை சரிந்து, பார்வை இரண்டாய்த் தெரிந்து, வாய் வறண்டு, விழுங்க முடியாமற்போய், கடைசிவரை புத்தி தெளிவாகவே இருக்க, மூச்சு மட்டும் அடங்கி இறந்துபோவதைக் கண்ட அவர், அத்தகைய நோயாளிகளைப் பற்றி 1820இலும் 1822இலும் விரிவான நூல்கள் எழுதியதோடு, விஷத்தைப் பிரித்தெடுத்து மிருகங்களிடத்தும், பிறகு துணிந்து தம்மிடத்துமே பரீட்சித்துப் பார்த்தார். நரம்புகள் மிதமிஞ்சித் துடிக்கும் நோய்களுக்கு இதே விஷம் அற்ப அளவில் மருந்தாகக்கூடும் என்று அவர் அப்போதே எழுதிவைத்தது, ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகே மெய்யாயிற்று.

இடைப்பட்ட கதையைச் சுருங்கச் சொல்லிவிடலாம். 1895 டிசம்பரில் பெல்ஜியத்தின் எல்ஸெல் கிராமத்தில், ஒரு மரணச் சடங்குக்கு வாத்தியம் வாசிக்க வந்த கோஷ்டியார் உப்புக்கண்டம் போட்ட பன்றித்தொடையை உண்டு அதே நோயுற, அவர்களில் மூவர் இறந்தனர். அந்த இறைச்சியிலிருந்து, காற்றில்லாத இடத்தில் வளர்ந்து அந்த விஷத்தை உண்டாக்கும் பாக்டீரியா ஒன்றை எமீல் வான் எர்மெங்கெம் என்ற விஞ்ஞானி பிரித்துக் காட்டினார். இரண்டாம் உலக யுத்தக் காலத்தில் அதன் விஷத்தை ஆயுதமாக்கலாமா என்று ஆராய்ந்த அமெரிக்கர்கள், மேரிலாந்தில் இருந்த டெட்ரிக் ராணுவ முகாமில் 1946இல் அதைப் படிகமாகவே எடுத்துவிட்டார்கள். ஊரை அழிக்க எண்ணி ஆராயப்பட்ட அந்தச் சரக்கு, அங்கே பணியாற்றிய எட்வர்ட் ஷான்ட்ஸ் என்ற விஞ்ஞானியின் கை வழியாகவே ஸான் பிரான்சிஸ்கோவில் இருந்த கண் மருத்துவர் ஆலன் ஸ்காட்டுக்குக் கிடைத்தது. மாறுகண் உள்ளவர்களுக்குக் கத்தியைத் தொடாமலே, அதிகமாய் இழுக்கும் தசையைத் தளர்த்திவிட முடியுமா என்பதுதான் ஸ்காட்டின் யோசனை. குரங்குகளிடத்தில் நடத்திய சோதனையை 1973இலும், மனிதர்களிடத்தில் கண்ட பலனை 1980இலும் வெளியிட்டார். 1989 டிசம்பரில் அமெரிக்க அரசின் மருந்து நிர்வாகம், மாறுகண்ணுக்கும் இமைகள் தம்மையறியாமல் இறுக மூடிக்கொள்ளும் நோய்க்கும் அதை அனுமதித்தது. போடாக்ஸ் என்ற பெயர், அந்த மருந்தை அல்லர்கன் கம்பெனி வாங்கிய பின்னரே அதற்குச் சூட்டப்பட்டது.

இந்த விஷம் நெற்றிக்கு வந்த விதம்தான் நான் சொல்ல வந்ததற்கு ஆதாரம். கனடாவின் வான்கூவர் நகரில் ஜீன் கரூதர்ஸ் என்ற கண் மருத்துவர், இமை இழுப்பு நோயுள்ள ஒரு பெண்மணிக்கு இந்த ஊசியைப் போட்டுவந்தார். 1987இல் ஒரு நாள், புருவங்களுக்கு நடுவே ஊசி போடாமல் விட்டதற்காக அந்தப் பெண்மணி கோபித்துக்கொண்டாராம். அந்த இடத்தில் துடிப்பில்லையே, எதற்கு என்று மருத்துவர் கேட்க, அங்கே போடும்போதெல்லாம் தம் முகத்தில் கவலையற்ற ஓர் அழகு வந்துவிடுகிறது என்று அவர் பதில் சொன்னார். ஜீனின் கணவர் அலஸ்டெர், தோல் மருத்துவர். நெற்றிக் கோட்டுக்குச் சரியான சிகிச்சை கிடைக்காமல் திண்டாடிக்கொண்டிருந்தவர். இருவரும் சேர்ந்து நடத்திய ஆராய்ச்சி 1992இல் கட்டுரையாக வெளிவந்தது. 2002 ஏப்ரலில் நெற்றிக் கோட்டுக்கென்றே அமெரிக்க அனுமதியும் கிடைத்தது. அந்தப் பெண்மணி இளமையைக் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். தம் மனத்தில் இல்லாத கவலை தம் முகத்தில் இருக்க வேண்டாம் என்றுதான் கேட்டார்.

அந்த ஊசி உள்ளே போய்ச் செய்கிற காரியம் என்னவென்றால், நரம்பின் நுனிக்கும் தசைக்கும் இடையே நடக்கும் சம்பாஷணையை நிறுத்திவைப்பதுதான். நரம்பு, அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தை வெளியிட்டுத் தசையைச் சுருங்கச் சொல்கிறது. அதை வெளியே தள்ளுவதற்கு இன்றியமையாத ஒரு புரதத்தை விஷம் துண்டித்துவிடுவதால், கட்டளை புறப்படுவதே இல்லை. சில நாட்களில் தசை தளர ஆரம்பித்து, இரண்டு வாரத்துக்குள் முழுப் பலனும் தெரிந்து, நரம்பு மெல்ல மெல்லத் தன் சக்தியை மீட்டுக்கொள்ள, மூன்று நான்கு மாதங்களில் எல்லாம் பழைய நிலைக்கே திரும்பிவிடுகிறது. தோலை அந்த மருந்து தொடுவதேயில்லை. நெற்றிக் கோட்டுக்கு வழக்கமாய்ச் செலுத்துவது ஐந்து இடங்களில் நந்நான்காக இருபது யூனிட்; நூறு யூனிட் அடங்கிய ஒரு குப்பியில் உள்ள விஷத்தின் எடை, ஒரு கிராமை நூறு கோடிக் கூறாக்கினால் அதில் ஏறக்குறைய ஐந்து கூறு. மனித உயிருக்கு அபாயம் என்று மதிப்பிடப்படும் அளவு இந்த இருபது யூனிட்டைப் போல் நூறு மடங்குக்கும் அதிகமாகையால், முறைப்படி போடுகிறவரிடம் பயத்துக்கு இடமில்லை. ஆயினும் மருந்து சற்று விலகிப் பரவினால் கண்ணிமை சில வாரங்கள் சரிந்து நிற்பதுண்டு. நூற்றில் மூவருக்கு அவ்வாறு நேர்ந்ததாக ஆரம்பப் பரிசோதனைகளே சொல்லின. கர்ப்பிணிகளும் பாலூட்டுகிறவர்களும், மயஸ்தீனியா போன்ற நரம்பு-தசை நோயுள்ளவர்களும் இதை நாடலாகாது.

தசையின் கோட்டுக்கு இது சரி. ஆனால் மூக்கின் ஓரத்திலிருந்து வாய்வரை இறங்கும் பள்ளமும், கன்னத்தின் வற்றலும் தசையால் வந்தவை அல்ல. வயது ஏற ஏறத் தோலுக்கு அடியில் கொழுப்பு இடம் மாறிக் குறைகிறது, கொலாஜன் என்ற நார் மெலிகிறது, முக எலும்பும்கூடச் சிறிது தேய்கிறது; இது குறைவினால் வந்த கோடு. இங்கே தேவைப்படுவது ஃபில்லர் என்று சொல்லப்படும் நிரப்பு ஊசி. இதன் பழைய சரித்திரம் கொஞ்சம் பயங்கரமானது. 1899இல் வியன்னாவில் ராபர்ட் கெர்சுனி என்ற மருத்துவர் உருக்கிய வாஸலினை உடம்பில் செலுத்த ஆரம்பிக்க, அதைத் தொடர்ந்து பாரஃபின் மெழுகைச் செலுத்தும் மோகம் ஐரோப்பா முழுவதும் பரவிற்று. பிற்காலத்தில் மார்ல்பரோ கோமகளான கிளாடிஸ் டீக்கன், பார்த்தவர்களெல்லாம் பிரமித்த சௌந்தரியவதி. தம் மூக்கு கிரேக்கச் சிலைகளின் மூக்கைப்போல நெற்றியிலிருந்து நேர்கோடாய் இறங்கவேண்டும் என்ற ஆசையில் மெழுகைச் செலுத்திக்கொள்ள, அது காலப்போக்கில் நழுவி முகவாய்வரை இறங்கி, இருந்த அழகையும் கெடுத்துவிட்டது. மெழுகுக்குப் பிறகு திரவ ஸிலிகோன் வந்து, அதுவும் கட்டியும் புண்ணுமாகப் பலரை வருத்தியது. 1981இல் பசுவின் தோலிலிருந்து எடுத்த கொலாஜன் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஒவ்வாமை உண்டாகுமா என்று முன்கூட்டியே கையில் பரீட்சித்துப் பார்க்காமல் அதைப் போட முடியாமலிருந்தது.

இன்று பெரும்பாலும் போடப்படுவது ஹயலுரானிக் அமிலம். 1934இல் கார்ல் மேயரும் ஜான் பால்மரும் மாட்டின் கண்ணுக்குள்ளிருக்கும் பாகில் கண்டெடுத்த இந்தப் பொருள், நம் தோலிலும் மூட்டுகளிலும் இயல்பாகவே இருப்பது. நீரைத் தன்னோடு பிடித்துவைத்துத் தோலுக்குச் செழுமை தருவது. முன்பு சேவலின் கொண்டையிலிருந்து இதை எடுத்தார்கள். இப்போது பாக்டீரியாவைக் கொண்டு தயாரிக்கிறார்கள். இயல்பான நிலையில் தோலில் ஓரிரு நாளில் கரைந்துவிடும் இதை, ரசாயனப் பிணைப்பால் கெட்டியாக்கியபின் செலுத்துவதால் ஆறு மாதமோ ஒரு வருஷமோ அதற்கு மேலோ நிற்கிறது. மெழுகுக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம், பிடிக்காவிட்டால் ஹயலுரானிடேஸ் என்ற மற்றோர் ஊசியால் இதைக் கரைத்துவிடலாம் என்பதே. ஆனால் அபாயம் அற்றுப்போய்விடவில்லை. ஊசிமுனை தவறி ரத்தக்குழாய்க்குள் மருந்து இறங்கினால் அந்த இடத்துத் தோல் அழுகக்கூடும். மூக்கிலும் புருவ நடுவிலும் உள்ள குழாய்கள் கண்ணின் ரத்தக்குழாயோடு தொடர்புடையவை ஆகையால், அபூர்வமாகப் பார்வையே பறிபோவதும் உண்டு. விஷ ஊசியைக் காட்டிலும், நம் உடம்பிலேயே உள்ள சாதுவான பொருளின் ஊசிதான் கையில் பிடிப்பவரிடம் அதிகத் தேர்ச்சியைக் கேட்கிறது.

மூன்றாவது காரணமான வெயிலை எந்த ஊசியாலும் பின்னோக்கித் திருப்ப முடியாது. அமெரிக்காவில் 28 வருஷம் லாரி ஓட்டிய 69 வயதுக்காரர் ஒருவரின் புகைப்படத்தை 2012இல் ஒரு மருத்துவச் சஞ்சிகை வெளியிட்டது. ஜன்னல் பக்கமிருந்த இடது கன்னம் தடித்து மடிமடியாய்ச் சுருங்கி, வலது கன்னமோ வயதில் குறைந்தவருடையதுபோல இருந்தது. ஜன்னல் கண்ணாடி தடுக்காத புற ஊதாக் கதிர் செய்த வேலை அது. வலப்புறம் அமர்ந்து ஓட்டும் நம் நாட்டு டிரைவர்களுக்கு அது வலது கன்னத்தில் நடக்கும். ஆஸ்திரேலியாவின் நம்பூர் நகரில் நாலரை வருஷம் நடந்து 2013இல் வெளியான ஆராய்ச்சியில், தினந்தோறும் சன்ஸ்கிரீன் பூசிவந்தவர்களின் தோல் முதுமை, இஷ்டப்பட்டபோது பூசிக்கொண்டவர்களைவிட 24 சதவீதம் குறைவாயிருந்தது. நம்மைப் போன்ற கறுத்த சருமத்தாருக்கு மெலனின் என்ற நிறமி ஓரளவு காவலாக இருப்பதால் சுருக்கம் பிந்தி வருகிறது. அதற்குப் பதிலாக மங்கு, கரும்புள்ளி ஆகிய இரண்டும் முந்தி வருகின்றன. அவற்றுக்கு மேற்சொன்ன இரண்டு ஊசிகளும் பயன்படா. குடையும் பூச்சும், தோல் மருத்துவர் எழுதித்தரும் டிரெட்டினாயின் களிம்பும்தான் அங்கே உதவக்கூடியவை; இவற்றின் விலை குறைவு என்பதாலோ என்னவோ இவற்றைப் பற்றி விளம்பரப் பலகைகள் அதிகம் பேசுவதில்லை.

இந்த அழகு வியாபாரம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதற்கு, 2018இல் சவூதி அரேபியாவின் ஒட்டக அழகுப் போட்டியில், உதடு கவர்ச்சியாய்த் தொங்கவேண்டும் என்று போடாக்ஸ் போடப்பட்ட 12 ஒட்டகங்கள் நீக்கப்பட்டதைச் சொன்னால் போதும். ஒட்டகத்துக்கு நீதி வழங்க நடுவர்கள் இருந்தார்கள். மனிதர்களுக்குச் சில சமயம் அதுவும் கிடைப்பதில்லை. 2004இல் ஃபுளோரிடாவில், லைசென்ஸ் நிறுத்திவைக்கப்பட்டிருந்த ஒரு மருத்துவர், மனிதர்களுக்கு உபயோகிக்கக்கூடாத ஆராய்ச்சிச்சாலைச் சரக்கை மலிவாக வாங்கித் தமக்கும் வேறு மூவருக்கும் போட, நால்வரும் உடல் முழுவதும் செயலற்று, இயந்திரத்தின் துணையால் மூச்சுவிடும் நிலைக்கு ஆளானார்கள். இருநூறு வருஷத்துக்கு முன் கெர்னர் வர்ணித்த அதே நோய். ரத்தத்தை எடுத்து முகத்தில் ஊசியால் குத்தும் சிகிச்சையால், நியூ மெக்ஸிகோவில் அனுமதியற்ற ஓர் அழகு நிலையத்தில் சில பெண்களுக்கு எச்.ஐ.வி. தொற்றிய செய்தியும் பதிவாகியிருக்கிறது. இவை எதிலும் குற்றம் மருந்தினுடையதன்று.

முதுமையை மறைப்பது தர்மமா என்ற விசாரத்தை நான் நீட்ட விரும்பவில்லை. தன் மூப்பை மகனுக்குக் கொடுத்து யௌவனத்தை வாங்கிக்கொண்ட யயாதியைப் பெற்ற நாடுதான், விநாயகரை வேண்டி இளமையைத் துறந்து நரையும் திரையும் ஏற்ற ஔவையின் கதையையும் சொல்லிக்கொண்டிருக்கிறது. ஆளுக்கொரு வரம், அவரவர் முகம். எனக்கு இருக்கும் ஒரே ஆட்சேபம் வேறு வகையானது. பொய்க் கோபத்தைத் துடைக்கும் ஊசி மெய்க் கோபத்தையும் கூடவே துடைத்துவிடுகிறது. 2010இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், நெற்றிக் கோட்டுக்கு ஊசி போட்டுக்கொண்ட பெண்கள், கோபத்தையும் துக்கத்தையும் சொல்லும் வாக்கியங்களைப் படித்துப் புரிந்துகொள்ள முன்னைவிடச் சற்று அதிக நேரம் எடுத்துக்கொண்டார்கள் என்று கண்டிருக்கிறார்கள். அபிநயம் பிடிக்கும் நாட்டியக்காரருக்கும் நடிகருக்கும் இது ஜீவனத்தைத் தொடும் விஷயம். என் வீட்டிலும் இதே ஆட்சேபம் வேறு வார்த்தைகளில் எழுந்தது. "அந்தக் கோடும் போயிட்டா, நீங்க எப்போ நிஜமாவே கோவமா இருக்கீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் என் மனைவி. போதாததற்கு, என்னுடையதுபோல் தசை அடங்கியிருக்கும்போதும் ஆழமாய்ப் பதிந்து நிற்கும் கோடுகள் இந்த ஊசிக்கு அரைகுறையாகத்தான் இணங்கும் என்பதும் தெரிந்தது. ஆகவே நான் போட்டுக்கொள்ளவில்லை. ஆயினும் பிறர் தம்மைச் சிடுமூஞ்சி என்று தப்பாக நினைத்துவிடுகிறார்களே என்று மனம் நொந்து போகிற ஓர் ஆசிரியையோ நர்ஸோ அதைப் போட்டுக்கொண்டால், அதை வீண் பகட்டு என்று சொல்ல என் நாக்கு எழாது.

போகத் தீர்மானித்தவர்களுக்குச் சில வார்த்தைகள். பார்லரில் வேண்டாம், முறைப்படி பயின்ற தோல் மருத்துவரிடமோ பிளாஸ்டிக் சர்ஜனிடமோ போங்கள். மருந்துக் குப்பியை உங்கள் கண்ணெதிரில் திறக்கச் சொல்லி, பெயரையும் காலாவதித் தேதியையும் பாருங்கள். எத்தனை யூனிட் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், ஒரு கம்பெனியின் யூனிட் இன்னொரு கம்பெனியின் யூனிட்டுக்குச் சமமன்று என்பதையும் நினைவில் வையுங்கள். ஃபில்லர் என்றால், கரைக்கும் ஊசி அங்கே கைவசம் இருக்கிறதா என்று கேளுங்கள். போட்டுக்கொண்டபின் வலி மிஞ்சினாலோ, தோல் வெளுத்தாலோ, பார்வை மங்கினாலோ மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இராதீர்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கேள்வி உண்டு: என் முகத்தில் இருக்கும் இந்தக் கோடு தசையால் வந்ததா, குறைவால் வந்ததா, வெயிலால் வந்ததா? அதற்குக் கண்ணாடியைக் கையில் கொடுத்து நிதானமாய்ப் பதில் சொல்கிற மருத்துவரை நம்பலாம். பதில் சொல்லாமல் விலைப்பட்டியலை முதலில் நீட்டுகிறவரிடம் முகத்தைக் கொடுக்க வேண்டாம்.